நம் அணி மார்ச் தொடருக்குள் நுழையுமா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து விவாதத்தில் கலந்துகொள்ள ஒரு செய்முறை விளக்கம்

வட கரோலினாவின் ராலே நகரில் வசிப்பவர்களுக்கு, பிப்ரவரி பிறந்துவிட்டால் கல்லூரிக் கூடைப்பந்துப் பேச்சிலிருந்து ஒதுங்கி இருக்க இயலாது. ராலேயில் என்.சி. ஸ்டேட், பக்கத்து ஊரான டர்ஹமில் டியூக், சேப்பல் ஹில்லில் வட கரோலினாப் பல்கலைக்கழகம் என்று அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் மூன்று அணிகள் இருக்கின்றன. அலுவலகத்தில் மதிய உணவு மேசையைச் சுற்றி அமர்பவர்களில் மூன்று அணிக்காரர்களும் இருப்பார்கள். "உள்ளே போய்விடுவோம்", "இந்த ஆண்டு வாய்ப்பே இல்லை" என்று அவர்கள் வாதிடுவதை முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி இன்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த விவாதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் தேசியத் தொடருக்குள் நம் அணி நுழையுமா என்பது ஒன்று. நுழைந்தால் எத்தனை சுற்று தாண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நடந்து முடிந்த ஆட்டங்களைப் பற்றியது. இரண்டாவது இனி நடக்கப்போகும் ஆட்டங்களைப் பற்றியது. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, எதிரில் இருப்பவர் இரண்டாவது கேள்விக்கு மறுப்புச் சொல்வதால்தான் பாதிச் சண்டைகள் முடிவில்லாமல் நீள்கின்றன.

படி 1: எத்தனை வாசல்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மார்ச் மேட்னஸ் என்று அழைக்கப்படும், கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் ஆடவர் தொடர் 1939-இல் 8 அணிகளுடன் தொடங்கியது. 1985-இல் 64 அணிகளாகவும், 2011-இல் 68 அணிகளாகவும் அது விரிந்தது. முதல் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன என்பதால், பெரும்பாலான அணிகளுக்கு இடம் கிடைக்காது.

உள்ளே செல்ல இரண்டு வாசல்கள் உள்ளன. கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள் நடத்தும் தொடரின் சாம்பியனுக்கு நேரடியாக இடம் உண்டு. 2025 தொடரில் அப்படி நுழைந்தவை 31 அணிகள். மீதமிருந்த 37 இடங்களை 12 பேர் கொண்ட தேர்வுக்குழு வழங்கியது. கல்லூரிகளின் விளையாட்டு இயக்குநர்களும் கான்ஃபரன்ஸ் ஆணையர்களும் அக்குழுவில் இருப்பார்கள். தம்முடைய கல்லூரி பேசப்படும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. செலக்‌ஷன் சண்டே எனப்படும் மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் முழுப் பட்டியலும் தொலைக்காட்சியில் அறிவிக்கப்படும்.

படி 2: உங்கள் அணி எந்த வரிசையில் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள்

மார்ச் தொடக்கத்தில் எந்த அணியும் மூன்று வரிசைகளில் ஒன்றில்தான் நிற்கும். இனி எல்லா ஆட்டங்களிலும் தோற்றாலும் இடம் உறுதி என்ற நிலையில் சில அணிகள் இருக்கும். இன்னும் ஓரிரு வெற்றிகள் வந்தால் உள்ளே, வராவிட்டால் வெளியே என்ற விளிம்பில் சில நிற்கும். இவற்றைத்தான் பபிள் அணிகள் என்கிறார்கள். கான்ஃபரன்ஸ் தொடரை வென்றால் மட்டுமே வழி உண்டு என்பவை மூன்றாம் வரிசை, எண்ணிக்கையில் அவையே மிகப் பெரும்பான்மை. உங்கள் அணியின் வரிசையை நேர்மையாக ஒப்புக்கொண்ட பிறகு பேசத் தொடங்குங்கள்.

மூன்றாம் வரிசையில் இருந்தால் கணக்கு எதுவும் வேண்டாம், நம்பிக்கை மட்டும் போதும். 2024-இல் என்.சி. ஸ்டேட் கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் தோற்று 17 வெற்றி, 14 தோல்வி என்ற நிலையில், ஏ.சி.சி. என்ற தன் கான்ஃபரன்ஸின் தொடருக்குப் பத்தாம் இடத்து அணியாக வாஷிங்டன் சென்றது. ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்களை வெல்ல வேண்டும். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. லூயிவில், சிரக்யூஸ், டியூக் ஆகியவற்றை வென்று, வெள்ளிக்கிழமை அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் 58-55 எனப் பின்தங்கியிருந்தது. நேரம் முடிய ஐந்து விநாடிகளே இருந்தபோது வர்ஜீனியாவின் ஃப்ரீ த்ரோ தவறியது. மைக்கேல் ஓ'கானல் பந்தைத் தட்டிக்கொண்டே ஆடுகளத்தைக் கடந்து வந்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். மணி ஒலிக்க, பந்து பலகையில் பட்டு வலைக்குள் விழுந்தது. கூடுதல் நேரத்தில் 73-65 என வென்ற அணி, மறுநாள் வட கரோலினாவை 84-76 என வீழ்த்தி, 1987-க்குப் பிறகு முதல் முறையாக ஏ.சி.சி. கோப்பையைத் தூக்கியது. அந்த ஒரு எறி தவறியிருந்தால் தொடரில் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது.

படி 3: ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையுங்கள்

பபிள் அணியின் ரசிகராக இருந்தால் இந்தப் படியில்தான் உங்கள் வாதம் பலம் பெறும். எத்தனை வெற்றி என்று மட்டும் எண்ணினால் போதாது. யாரை, எங்கே வென்றோம் என்பதே தேர்வுக்குழுவின் பார்வை. இதற்கு அடிப்படை 2018-19 பருவத்தில் அறிமுகமான 'நெட்' என்ற தரவரிசை. அதற்கு முன்பு 1981 முதல் ஆர்.பி.ஐ. என்ற பழைய முறை இருந்தது.

எதிரணியின் நெட் இடத்தையும் ஆட்டம் நடந்த அரங்கத்தையும் சேர்த்து, ஒவ்வொரு ஆட்டமும் குவாட் 1 முதல் குவாட் 4 வரை ஏதாவது ஒரு கட்டத்தில் வைக்கப்படுகிறது. சொந்த அரங்கில் 1 முதல் 30 வரை, பொது அரங்கில் 1 முதல் 50 வரை, எதிரணியின் அரங்கில் 1 முதல் 75 வரை உள்ள அணிகளுடன் ஆடியவை குவாட் 1. சொந்த அரங்கில் 31 முதல் 75 வரை, பொது அரங்கில் 51 முதல் 100 வரை, எதிரணியின் அரங்கில் 76 முதல் 135 வரை இருந்தால் குவாட் 2. சொந்த அரங்கில் 160 வரை, பொது அரங்கில் 200 வரை, வெளியூரில் 240 வரை குவாட் 3; அதற்குக் கீழே எல்லாம் குவாட் 4.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எதிரணி தரவரிசையில் 60-ஆம் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களை அவர்கள் அரங்கிலேயே வென்றால் அது குவாட் 1 வெற்றி. அதே அணியை நம் ஊருக்கு அழைத்து வென்றால் குவாட் 2 மட்டுமே. ஆயிரக்கணக்கான எதிரணி மாணவர்கள் கூச்சலிட, பழக்கமில்லாத வளையத்தில் எறிந்து வெல்வது கடினம் என்பதை இந்த முறை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இது முற்றிலும் நியாயமானது என்பது என் கருத்து.

தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஏனென்றால் கட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நவம்பரில் நாம் வென்ற அணி பிப்ரவரியில் தொடர்ந்து தோற்று தரவரிசையில் இறங்கினால், நம் குவாட் 1 வெற்றி குவாட் 2-க்கு நழுவிவிடும். ஆகவே நம்மிடம் தோற்றவர்கள் மற்ற ஆட்டங்களில் நன்றாக ஆட வேண்டும் என்று விரும்புவது நல்ல ரசிகரின் கடமையாகவே ஆகிவிடுகிறது. முடிவில் குவாட் 1-இல் எத்தனை வெற்றி, குவாட் 3, 4-இல் எத்தனை தோல்வி என்ற இரண்டு எண்களை வட்டமிடுங்கள். முதலாவது அணியின் பெருமை, இரண்டாவது அதன் கறை.

படி 4: இரண்டு வகை எண்களைக் கலக்காதீர்கள்

தேர்வுக்குழுவின் முன் வைக்கப்படும் அணித்தாளில் நெட்டுடன் வேறு சில தரவரிசைகளும் இருக்கும். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெகார்ட்', கே.பி.ஐ., 2024-25-இல் சேர்க்கப்பட்ட 'வின்ஸ் அபவ் பபிள்' ஆகியவை ஓர் அணி இதுவரை சாதித்ததை அளக்கின்றன. பபிள் விளிம்பில் நிற்கும் ஒரு சராசரி அணி இதே அட்டவணையை ஆடியிருந்தால் எத்தனை ஆட்டங்களை வென்றிருக்கும், அதைவிட நாம் எத்தனை கூடுதலாக வென்றோம் என்று அந்தக் கடைசி எண் சொல்கிறது. கென்பாம், டார்விக், பி.பி.ஐ. ஆகியவையோ ஓர் அணி எவ்வளவு திறமையானது, அடுத்த ஆட்டத்தில் எப்படி ஆடும் என்று கணிக்கின்றன. ஓர் அணியிடம் பந்து இருக்கும் ஒவ்வொரு முறைக்கும் அது எடுக்கும் புள்ளிகளும் கொடுக்கும் புள்ளிகளும் இவற்றின் உயிர்நாடி.

முதல் வகை நம் முதல் கேள்விக்கு உரியது, இரண்டாம் வகை இரண்டாம் கேள்விக்கு உரியது. ஐந்து ஆட்டங்களை ஒரு புள்ளி வித்தியாசத்தில் இழந்த அணிக்குக் கென்பாமில் நல்ல இடம் கிடைக்கலாம், அதைக் காட்டி "எங்களுக்கு இடம் தந்தே ஆக வேண்டும்" என்று வாதிட்டால், "வெற்றி எங்கே?" என்ற எளிய பதிலில் அது வீழ்ந்துவிடும்.

படி 5: தனியாக வாதிடாமல் பக்கத்து அணியுடன் ஒப்பிடுங்கள்

இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால், நம் அணி நல்லது என்று நிறுவினால் போதாது; கடைசி இடத்துக்குப் போட்டியிடும் இன்னோர் அணியைவிட நல்லது என்று காட்ட வேண்டும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

2025-இல் வட கரோலினா குவாட் 1 ஆட்டங்களில் 1 வெற்றி, 12 தோல்வி என்ற கணக்குடன் கடைசி அணிகளில் ஒன்றாக உள்ளே வந்தது. குவாட் 1-இல் 6 வெற்றிகள் பெற்ற மேற்கு வர்ஜீனியா வெளியே நின்றது. அவ்வாண்டு தேர்வுக்குழுத் தலைவர் வட கரோலினாவின் விளையாட்டு இயக்குநர். விதிப்படி அவர் அந்த விவாதத்தில் பங்கேற்கவில்லை என்றாலும், மேற்கு வர்ஜீனியாவில் கொந்தளிப்பு அடங்கவில்லை. வட கரோலினா முதல் ஆட்டத்தில் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என நொறுக்கியபோது, "தேர்வு சரிதான் என்று நிரூபித்துவிட்டோம்" என்று எங்கள் மேசையில் ஒரு நண்பர் சொன்னார். அவர் முதல் கேள்விக்கு இரண்டாம் கேள்வியின் பதிலைத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை எடுத்த முடிவு, அந்த ஞாயிறு வரை நடந்ததைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்; மேற்கு வர்ஜீனியாவுக்கு அநீதி நடந்தது என்ற என் கருத்தும் மாறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கில் இல்லாத அணி திடீரெனக் கான்ஃபரன்ஸ் தொடரை வென்றால், அதற்கான இடம் பபிள் அணிகளிடமிருந்துதான் பறிபோகும். 2024-இல் என்.சி. ஸ்டேட் வென்ற அதே வார இறுதியில் ஓரிகன் அணியும் அவ்வாறே நுழைந்தது. 28 வெற்றிகளும், நெட் தரவரிசையில் 30-க்குள் ஓர் இடமும் கொண்டிருந்த இண்டியானா ஸ்டேட், தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் டிரேக்கிடம் 84-80 எனத் தோற்றுவிட்டு, மற்றவர்களின் ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ராலேயில் நாங்கள் கொண்டாடிய இரவில் அவர்களுக்கான இடம் சுருங்கிக்கொண்டிருந்தது.

படி 6: பட்டியல் வந்த பிறகு பாதையைப் படியுங்கள்

இனி இரண்டாம் கேள்வி. நான்கு மண்டலங்களிலும் அணிகளுக்கு வலிமை வரிசைப்படி 1 முதல் 16 வரை சீடிங் எண் தரப்படும். 1 எதிர் 16, 2 எதிர் 15 என்று முதல் சுற்று அமையும். 1985 முதல் 2025 வரை 1-ஆம் எண் அணிகள் 16-ஆம் எண் அணிகளுடன் ஆடிய 160 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்றன: 2018-இல் வர்ஜீனியா யு.எம்.பி.சி.யிடம் 74-54 என்றும், 2023-இல் பர்டியூ ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்றும். ஆனால் 5 எதிர் 12 ஆட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 12-க்கே வெற்றி. எண் 8 அல்லது 9 கிடைத்தால் மகிழ அவசரப்பட வேண்டாம். இரண்டாம் சுற்றிலேயே பெரும்பாலும் 1-ஆம் எண் அணி காத்திருக்கும். அதனால் 10 அல்லது 11 சில நேரங்களில் நல்ல பாதை.

அடுத்து, காயங்களைப் பாருங்கள். 2000-இல் சின்சினாட்டியின் கென்யன் மார்ட்டின் கான்ஃபரன்ஸ் தொடரில் காலை முறித்துக்கொண்டதும், 1-ஆம் எண் பெற இருந்த அணி 2-ஆம் எண்ணுக்கு இறக்கப்பட்டு இரண்டாம் சுற்றில் வெளியேறியது. பிறகு ஆட்ட வேகத்தைக் கவனியுங்கள்: மெதுவாக ஆடும் வலிய அணிக்குப் பந்து கையில் வரும் முறைகள் குறைவு என்பதால், எளிய அணியின் சில நல்ல எறிகளே முடிவை மாற்றிவிடக்கூடும். கடைசியாக, எதிரணியால் தடுக்க இயலாத ஓர் ஆட்டக்காரர் நம்மிடம் உண்டா என்று கேளுங்கள். 2024-இல் 11-ஆம் எண் பெற்ற என்.சி. ஸ்டேட்டிடம் டி.ஜே. பர்ன்ஸ் இருந்தார். பருத்த உடலும் இடக்கைப் பழக்கமும் கொண்ட அவர், வளையத்துக்கு முதுகு காட்டி மெல்ல மெல்லப் பின்னோக்கித் தள்ளி, திரும்பி, மென்மையாகப் பந்தை ஏற்றுவார். டியூக்குக்கு எதிராக அவர் 29 புள்ளிகள் எடுக்க, அணி 76-64 என வென்று 1983-க்குப் பிறகு முதல் முறையாக ஃபைனல் ஃபோர் எனப்படும் கடைசி நான்கு அணிகளின் சுற்றுக்குச் சென்றது.

மகளிர் தொடரும் 2022-இல் 68 அணிகளாக விரிந்தது. அங்கே முதல் 16 இடங்களைப் பெறும் அணிகள் முதல் இரண்டு சுற்றுகளையும் சொந்த அரங்கில் ஆடுவதால், 4-ஆம் எண்ணா 5-ஆம் எண்ணா என்ற விவாதத்துக்கு ஆடவர் தொடரில் இல்லாத கனம் உண்டு.

படி 7: இடம் கிடைக்காவிட்டால்

என்.ஐ.டி. தொடர் 1938-இல், அதாவது என்.சி.ஏ.ஏ. தொடருக்கு ஓராண்டு முன்பே, நியூயார்க்கில் தொடங்கியது. 1950-இல் சிட்டி காலேஜ் ஆஃப் நியூயார்க் இரண்டு கோப்பைகளையும் ஒரே ஆண்டில் வென்றது. இன்று பெரிய தொடரில் இடம் கிடைக்காதவர்களுக்கான தொடராக அது கருதப்படுகிறது. அழைப்பு வந்தும் மறுக்கும் அணிகள் உண்டு. உங்கள் அணி ஆடச் சம்மதித்தால் தவறாமல் பாருங்கள்.

2024-இல் இண்டியானா ஸ்டேட் சம்மதித்தது. கண்ணாடி அணிந்து ஆடிய ராபி ஆவிலாவின் அணி இறுதி வரை வந்தது. ஆட்டம் இண்டியானாபொலிஸ் நகரின் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸில் நடந்ததால், டெர்ரே ஹோட்டிலிருந்து ரசிகர்கள் திரண்டு வந்து அந்தப் பழைய அரங்கை நீல நிறத்தால் நிரப்பினார்கள். எதிரில் நின்றது, அதே ஞாயிற்றுக்கிழமை அதேபோல் கைவிடப்பட்ட சீட்டன் ஹால். முடிவு 79-77, இண்டியானா ஸ்டேட் இரண்டு புள்ளிகளில் தோற்றது.