செபம் வராமல் போனபோது

தம்பி கடலில் தவறிய பிறகு எட்டு மாதம் எனக்குச் செபமே வரவில்லை. தங்கச்சிமடத்தில் வாசலுக்கு வந்தாலே கடல்தான். "எல்லாம் கடவுள் சித்தம்" என்றவர்கள் மேல் கோபம்தான் வந்தது. துக்க வீட்டில் அந்த வார்த்தையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பெரியம்மாதான் விவிலியத்தில் திருப்பாடல் 88-ஐ எடுத்துக் கொடுத்தார். முழுக்க முறையீடு, முடிவதும் இருளில்தான். இப்படியும் செபிக்கலாமா! அன்றிலிருந்து ராத்திரியில் அதைச் சத்தமாக வாசித்து, ஆண்டவரோடு சண்டை போட்டேன். அப்புறம் யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரம். இறந்துபோன நண்பர் இலாசரை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு அழுகிறார். அந்தக் கண்ணீர்தான் என்னைத் தாங்கியது.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், அவன் குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றி, "மறுபடி பார்ப்போம்டா" என்று சொல்ல முடிந்தது.