துணியைத் தொட்டுக் காட்டும்போது எங்கே தவறுகிறோம்?

பார்வையற்றவர்கள் வருகிறார்கள் என்றதும் காஞ்சிபுரம் பட்டில் ஒரு துண்டை அட்டையில் இழுத்து ஒட்டி மேசையில் வைத்துவிடுகிறார்கள். ஒரு அருங்காட்சியகத்தில் நானே பார்த்தேன். ஒட்டிய துணியைத் தூக்கிப் பார்க்க முடியாது, மடிக்க முடியாது, உதறிச் சத்தம் கேட்க முடியாது. எல்லாவற்றையும் விட, அதன் பின்பக்கம் போய்விடுகிறது. நெசவு தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தான்.

புடவையின் உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கும் கோர்வையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை இழுத்துச் செல்லும் தறிக்கருவி), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. உடலின் ஊடையும் (குறுக்கு நூல்) கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் இடத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய மேடு தட்டுப்படும். "இங்கேதான் இரண்டு நிறமும் சேருது" என்று அந்த நொடியில் சொல்ல வேண்டும். அதைவிட்டு, கதை முழுவதையும் வாசலில் சொல்லி முடித்துவிட்டு உள்ளே போய்த் தொடச் சொன்னால், எந்தச் சொல் எந்த இழைக்கு என்று எப்படித் தெரியும்?

முடிந்த துணியை மட்டும் காட்டுவது இன்னொரு தவறு. மதுரைச் சுங்குடிக்கு மூன்று துண்டாவது வேண்டும்: முடிச்சுப் போட்டது, சாயம் தோய்த்துக் காயவைத்தது, பிரித்தது. முதல் துண்டில் கடுகை இறைத்தது போல முடிச்சுகள் கையில் நெருடும். கடைசித் துண்டில் அதே இடங்களில் சின்னச் சின்னச் சுருக்கம்தான் இருக்கும். புள்ளி எப்படி வந்தது என்பதை விரலே கண்டுபிடித்துவிடும்.

தோடர் பூத்தையலுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் அடுத்த மேசைக்கு இழுக்காதீர்கள். நீலகிரித் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே கருப்பு, சிவப்பு நூலால் தைக்கிறார்கள். அவர்கள் எண்ணித் தைத்ததை வருபவரும் விரலால் எண்ணிப் பார்க்கலாம். தமிழகத் துணிகளிலேயே தொடுகைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, பழைய புடவையையே கொடுத்துவிடலாமா? வேண்டாம். வியர்வை பட்டால் ஜரிகையின் வெள்ளி கருத்துப்போகும், நைந்த பட்டு மடிப்பிலேயே விட்டுப்போகும். அதற்காகக் கையுறை மாட்டிவிட்டால் மேடும் நெருடலும் தெரியாமல் போகும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் திறந்த 'அனுபவ்' கூடத்தில் பழம்பொருள்களின் பிரதிகளைத் தொட்டுப் பார்க்கலாம். துணிக்கும் அதே வழிதான், ஆனால் பிரதி தறியிலிருந்தே வர வேண்டும். நெசவாளர்களிடம் காசு கொடுத்துப் புதிதாக நெய்து வாங்குங்கள், நைந்தால் மாற்றுங்கள். வருபவர்கள் கையைக் கழுவித் துடைத்து, மோதிரத்தைக் கழற்றினால் போதும்.

அப்புறம், பார்வையில்லாதவருக்கு நிறம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். நடுவயதில் பார்வை போனவருக்கு அரக்கும் மயில்கழுத்தும் நன்றாக நினைவிருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவரும் தன் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று தெரிந்துதான் வைத்திருப்பார். கூட வந்தவரிடம் "இவங்களுக்கு இதைக் காட்டவா?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். அவர் கையைப் பிடித்துத் துணிமேல் வைக்காதீர்கள். உங்கள் கையை நீட்டினால், வேண்டுமென்றால் அவரே பிடித்துக்கொள்வார்.