நீடாமங்கலம் கேட்: எட்டடிப் பலகையில் ஒரு டெல்டா ரயில் லேஅவுட்

மாடல் ரயில் லேஅவுட் (ரயில் பாதையையும் சுற்றுப்புறத்தையும் பலகை மேல் சிறிதாக்கிக் காட்டுவது) கட்டுவது எப்படி என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது மலை. அதைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை, சரிவில் பைன் மரங்கள், உச்சியில் பனி. தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. நம் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரே மேடு ரயில் பாதைதான். வயல், வாய்க்கால், குளம், தெரு எல்லாம் அதற்குக் கீழே.

ஆகவே டெல்டாவைக் கட்ட நினைப்பவர் பலகை மேல் எதையும் குவிக்க வேண்டாம். கீழே தோண்ட வேண்டும். இந்த விளக்கம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். சாலிடரிங், பிளைவுட் அறுப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. இடம், ஆண்டு, மாதம்

நான் எடுத்துக்கொண்டது நீடாமங்கலம் ரயில்வே கேட்டும் நெல் ஏற்றும் பாதையும். தஞ்சை–நாகை நெடுஞ்சாலை அங்கே ரயில் பாதையைக் கடக்கிறது. மன்னார்குடிக் கிளைப்பாதை 2011இல் மறுபடி திறந்ததும் வண்டிகள் கூடின. போதாததற்கு நெல் மூட்டைகள் அரவைக்காக இங்கிருந்து வெளி மாவட்டங்களுக்குச் சரக்கு ரயிலில் போகின்றன. கூட்ஸ் ஷண்டிங் நடந்தாலும் கேட் மூடும். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல், மாடல் கட்டுபவருக்கு வரம். ரயில் வட்டமாகச் சுற்றுவதை எத்தனை நாள் பார்ப்பீர்கள்? வேகனைக் கழற்றி, பிடித்து, தள்ளி நிறுத்தும் வேலை இருந்தால்தான் லேஅவுட் தூசி படியாமல் இருக்கும்.

இடத்தை முடிவு செய்ததும் ஆண்டை முடிவு செய்யுங்கள். நம் பாதைக்கு இது கட்டாயம். நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861இல் அகலப் பாதையாகத் திறந்தது, 1875இல் மீட்டர் கேஜ் ஆனது, 2000க்குப் பிறகு மறுபடி அகலமானது. 1990களைக் கட்டினால் ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜினும் மீட்டர் கேஜ் பாதையும் வேண்டும். இன்றைய காட்சி என்றால் மேலே மின்கம்பி கட்ட வேண்டும். முதல் லேஅவுட்டிலேயே அந்த வம்பு வேண்டாம். நான் 2015 வாக்கில் நிறுத்திக்கொண்டேன். அகலப் பாதை, டீசல் இன்ஜின், தலைக்கு மேல் வெறும் வானம்.

அப்புறம் மாதம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஆனியில் வயல் நாற்றங்கால் பச்சை, வாய்க்காலில் புதுத் தண்ணீர். ஐப்பசியில் எங்கும் வெள்ளக்காடு. சித்திரையில் ஆறே மணல்தான். எனக்கு மாசி பிடித்தது. சம்பா அறுவடை பாதி முடிந்திருக்கும். ஒரு வயலில் பொன் நிறக் கதிர், பக்கத்து வயலில் தாள், அதற்கடுத்ததில் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும். கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போட்ட மூட்டை அடுக்குகள், கூட்ஸ் ஷெட் ஓரம் வரிசையில் லாரிகள். ரேக் (ஒரு முழுச் சரக்கு ரயில்) ஏற்றும் வேலைக்கும் இதுதான் காலம். ஒரே மாதத்தில் இத்தனையும் கிடைக்கும்போது வேறு மாதம் எதற்கு?

2. டேப் இல்லாமல் அளப்பது

பாதைக்குள் இறங்கி அளக்காதீர்கள். குற்றம், ஆபத்தும் கூட. அளவுகோல் பாதையிலேயே இருக்கிறது. அகலப் பாதையில் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) என்பது வழக்கமான கணக்கு, அதாவது ஏறத்தாழ 60 செ.மீ.க்கு ஒன்று. பிளாட்பாரத்திலோ சாலையிலோ நின்றபடி ஸ்லீப்பர்களை எண்ணினால் நீளம் கிடைத்துவிடும். பழைய நீல நிற ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் 21.3 மீட்டர், நின்றிருக்கும் வண்டியே நீண்ட அளவுகோல். மீதிக்குச் செயற்கைக்கோள் வரைபடம் போதும்.

அளந்ததை அப்படியே கட்ட முடியாது. நான் எடுத்த ஹெச்.ஓ. ஸ்கேலில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டர் ஆகும், எட்டடிப் பலகையோ நிஜத்தில் 212 மீட்டர்தான். ஆக எதை வெட்டுவது என்பதுதான் கேள்வி. என் பட்டியலில் தப்பியவை: கேட், கேபின் வீடு, பிளாட்பாரத்தின் ஒரு முனை, மஞ்சள் பெயர்ப்பலகை, கூட்ஸ் பாதை, ஒரு வாய்க்கால் மதகு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரியும் மூணாறு தலைப்பு ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆசை இருந்தாலும் விட்டுவிட்டேன். அது தனி லேஅவுட்டுக்கு உரிய இடம்.

3. ஸ்கேல்

ஹெச்.ஓ., அதாவது 1:87. இதில் கிடைக்கும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19.3 வரும். கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒல்லியாகத் தெரியும். இதைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் கையாலேயே பாதை கட்டுகிறார்கள். தொடக்கக்காரர் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஜல்லி போட்டு, பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்தால் கண்ணுக்குப் படாது.

இடம் குறைவு என்றால் 'N' ஸ்கேல், 1:160. ஆனால் வேகனைக் கையால் கட்டப் போகிறீர்கள் என்றால் ஹெச்.ஓ.தான் விரலுக்கு வசதி. கட்டத்தான் வேண்டியிருக்கும், நம் ரயில்வே வண்டிகள் கடையில் தயாராகக் கிடைப்பது அரிது. நெல் ஏற்றும் மூடிய வேகன் வெறும் பெட்டி வடிவம். பிளாஸ்டிக் ஷீட்டில் செய்துவிடலாம். நிஜ நீளம் சுமார் 15 மீட்டர், மாடலில் 17 செ.மீ. நிஜ ரேக்கில் நாற்பதுக்கு மேலும் வேகன் இருக்கும், நமக்கு ஐந்து போதும். இன்ஜினோடு சேர்த்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கூட்ஸ் பாதையை அந்த நீளத்துக்கே அளந்து போட்டேன்.

4. பலகை

எட்டடிக்கு இரண்டடி, 9 மி.மீ. நீர்புகாப் பிளைவுட், அடியில் மரச்சட்டம். நம் ஈரப்பதத்துக்குச் சாதாரணப் பிளைவுட் ஒரு ஐப்பசி தாங்காது. கரையான் மருந்தையும் அடியில் அடித்துவிடுங்கள். அதன் மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஃபோம் ஷீட். மொட்டைமாடி வெப்பத்தடுப்புக்கு விற்பார்கள். டி.வி. பெட்டியில் வரும் தெர்மோகோல் வேண்டவே வேண்டாம், அறுத்தால் வீடு முழுக்க உருண்டை உருண்டையாகப் பறக்கும். ஒட்டுவதற்கு ஃபெவிகால். ரப்பர் சொல்யூஷன் ஃபோமைத் தின்றுவிடும்.

ஃபோமின் மேல் மட்டம்தான் பாதை மட்டம். பாதை போகும் பட்டையைத் தொடாமல் இரு பக்கமும் 20 முதல் 25 மி.மீ. செதுக்குங்கள். இரண்டு மீட்டர் கரை கிடைக்கும். வாய்க்கால் வரும் இடத்தில் இன்னும் 15 மி.மீ. கீழே போகலாம். கத்தியைவிட சூட்டுக் கம்பி நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை கெடுதல்.

5. பாதை

நிக்கல் சில்வர் தண்டவாளம் உள்ள வளையும் பாதை வாங்குங்கள். நான் வாங்கியது பீக்கோ கம்பெனியுடையது. இரும்புத் தண்டவாளம் விலை குறைவு, ஆனால் துருவோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது, அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் சாலிடர் செய்யுங்கள், இணைப்புத் தகடுகளை நம்பாதீர்கள். இணைப்புகளில் ஒரு அஞ்சலட்டை கனத்துக்கு இடைவெளி விடுங்கள்.

ஜல்லிக்கு ஆற்று மணல் எடுக்காதீர்கள், நிறமே வேறு. எம்-சாண்ட் எடுங்கள். அது கருங்கல்லை உடைத்துச் செய்தது, டெல்டா பாதைகளில் கிடப்பதும் வெளியூரிலிருந்து வந்த கருங்கல் ஜல்லிதான். டீ வடிகட்டியில் சலித்து, மேலே ஒரு காந்தத்தை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கருந்தூள் உங்கள் இன்ஜின் மோட்டாருக்குள் போயிருக்க வேண்டியது.

6. கேட்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

கேட்டில் மூன்று சிக்கல்கள்.

முதலாவது, சாலை ஏற்றம். பாதை கரை மேல் இருப்பதால் சாலை ஏறி இறங்க வேண்டும். இரண்டடிப் பலகையில் 23 மி.மீ. ஏற்றத்துக்கு இடமே இல்லை. பஸ் மலை ஏறுவது போலத் தெரியும். பாதையைத் தாழ்த்தாதீர்கள். கேட் பக்கம் தரையை உயர்த்துங்கள், அங்கே 10 மி.மீ. மட்டும் செதுக்குங்கள். ஊர்ப்பகுதி மேடாகவும், பலகையின் மறுமுனை நோக்கி வயலும் வாய்க்காலுமாகத் தாழ்ந்துகொண்டே போவதாகவும் இருந்தால் கண் கேள்வி கேட்காது.

இரண்டாவது, தண்டவாளத்துக்கு நடுவே போடும் சாலை. சக்கர விளிம்பு ஓட இடைவெளி வேண்டும், 1.5 மி.மீ. போதும். சுவர் பட்டியால் நிரப்பும்போது தண்டவாளத்தின் உட்பக்கம் அதே கனத்தில் ஓர் அட்டைப் பட்டையை நிறுத்தி, பாதி காய்ந்ததும் உருவுங்கள். முழுக்கக் காய்ந்தால் வராது. பட்டி தண்டவாள மட்டத்துக்கு அரை மி.மீ. கீழேயே இருக்க வேண்டும். சமமாக விட்டால் பார்க்க அழகு. ஆனால் இன்ஜின் சரியாகக் கேட் நடுவில் வந்து நிற்கும். சக்கரம் பட்டி மேல் ஏறி தண்டவாளத்தை விட்டு ஒரு முடி அளவு எழும்பும், மின்சாரம் அறுந்துவிடும். மேலாகத் தேய்த்துப் பயன் இல்லை, தேய்த்த தூள் தண்டவாளத்தில் படிந்து இன்னும் மோசமாகும். சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு வேகனைக் கையால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். தடதடப்பு விரலுக்குத் தெரியும். வேகன் சத்தமில்லாமல் போகும் வரை பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

மூன்றாவது, கேட்டை இயக்குவது. சென்சார், ஆர்டுயினோ, சர்வோ மோட்டார் என்று ஆரம்பிப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஷண்டிங்கில் இன்ஜின் சென்சாரைத் தாண்டி நின்று, யோசித்து, திரும்பினால் உங்கள் கேட் என்ன செய்யும்? ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெயில் பட்டாலும் அகச்சிவப்பு சென்சார் குழம்பும்.

நிஜ கேட்டில் கேட் பூட்டினால்தான் சிக்னல் விழும். அதையே செய்வோம். கேட் தண்டுகளைப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியால் இழுக்கிறோம், முன்பக்கம் ஒரு மரக் குமிழ். தண்டு முழுக்கத் தாழ்ந்ததும் கம்பி ஒரு லிமிட் சுவிட்சை (அழுத்தினால் மின்சாரத்தை இணைக்கும் சிறு சுவிட்ச்) அழுத்தும். கேட்டை ஒட்டிய பாதைத் துண்டின் ஒரு தண்டவாளத்துக்குப் போகும் ஒயர் அந்த சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. கேட் மூடாமல் இன்ஜின் நகராது, அவ்வளவுதான். அந்தத் துண்டின் இரு முனையிலும் அதே தண்டவாளத்தில் பிளாஸ்டிக் இணைப்பு போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் துண்டிலிருந்து மின்சாரம் வந்துவிடும். துண்டின் நீளம் உங்கள் இன்ஜினைப் போல இரு மடங்காவது இருக்கட்டும்.

7. தண்ணீர், மண், வயல்

வாய்க்காலுக்கு ரெசின் ஊற்றச் சொல்வார்கள். நம் வாய்க்காலுக்கு எதற்கு ரெசின்? தண்ணீர் கலங்கல், அடி தெரியாது. அடிப்பகுதியை வழவழப்பாக்கி, ஓரத்தில் மண் நிறமும் நடுவில் பச்சை கலந்த பழுப்பும் அடித்து, பளபளக்கும் வார்னிஷ் நான்கைந்து கோட் கொடுங்கள். ஈரமான நாட்களில் ரெசின் மங்கும், இது மங்காது. நீல நிறத்தைத் தொடவே தொடாதீர்கள். கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு நெருக்கமாக வர வேண்டும், தண்ணீரில் ஆங்காங்கே ஆகாயத்தாமரை. இவை இரண்டும் இல்லாத வாய்க்கால் டெல்டா வாய்க்காலே இல்லை.

மண்ணுக்கு ஊர் வண்டலையே எடுங்கள். வாணலியில் வறுத்து, இடித்து, வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். வறுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஃபெவிகால் தண்ணீர் பட்டதும் நிறம் கறுக்கும், அதனால் முதலில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

விளைந்த நெல் மாடலில் ஒரு செ.மீ. உயரம். நீளமான பூந்துவாலையை மஞ்சளும் வெளிர்பச்சையும் கலந்து சாயமேற்றி ஒட்டினேன். அறுத்த தாளுக்குத் தேங்காய்நார்க் கால்மிதியைச் சமமாக வெட்டினால் சரியாக வரும். வரப்பை நேர்கோட்டில் போடாதீர்கள்.

கடையில் கிடைக்கும் பனைவகை மரங்கள் பெரும்பாலும் கடற்கரை விடுதிக்கு நட்டவை போல இருக்கும். தென்னையை நீங்களே செய்யுங்கள். 15 முதல் 17 செ.மீ. கம்பியை லேசாக வளைத்து நூல் சுற்றினால் தண்டு. ஐந்து செ.மீ. காகிதத்தைச் சீப்பு போல நறுக்கி நடுவில் மெல்லிய கம்பி ஒட்டினால் மட்டை. ஒரு மரத்துக்கு இருபது மட்டை. ஆமாம், அலுப்பான வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த பிறகான காலத்தில் டெல்டாவின் தெற்குப் பக்கத்தை எடுத்துக் கட்டுபவர்கள் தோப்பில் இடைவெளி விட வேண்டும். எனக்கு 2015 என்பதால் தோப்பு அடர்த்தியாக நிற்கிறது.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் பிறகு சேர்த்தவை

பஸ், லாரி பற்றிப் பலர் கேட்டார்கள். பொம்மைக் கடை டைகாஸ்ட் வண்டிகள் பெரும்பாலும் 1:64. கேட்டில் நிறுத்தினால் ரயிலைவிட லாரி பெரிதாகத் தெரியும். 1:76 கிடைத்தால் முன்வரிசையில் நிறுத்துங்கள், பின்வரிசைக்கு 1:87 அல்லது அட்டையில் செய்தது.

நெல் மூட்டைக்குள் நிஜத் தானியம் வைத்த ஒருவர் லேஅவுட்டை எறும்பு எடுத்துக்கொண்டதாக எழுதினார். களிமண்ணில் செய்யுங்கள். மேலே போர்த்தும் தார்ப்பாய்க்கு மெல்லிய டிஷ்யூவை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போட்டால் மடிப்பு தானாக விழும்.

மீட்டர் கேஜ் வேண்டும் என்பவர்களுக்கு: 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5. ஹெச்.ஓ.எம். என்ற பெயரில் 12 மி.மீ. பாதை ஐரோப்பியக் கடைகளில் கிடைக்கிறது. அகலப் பாதையைவிட இதுதான் அளவுக்கு நெருக்கம். இன்ஜின் உடலை 3டி பிரின்ட் எடுக்க வேண்டியிருக்கும். அடிச்சட்டத்தை முதலில் வாங்கி, அதை அளந்த பிறகே உடலை வரையுங்கள்.