டேப் பேக்கப் தோற்றால் எங்கே பார்ப்பது?

மதுரையின் கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் ஏதோ ஒரு கம்பெனியில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ராத்திரி ஓடிய டேப் பேக்கப் காலையில் பிழை காட்டினால், உடனே புது டேப் வாங்கச் சொல்லிவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், டிரைவ் சிஸ்டத்தின் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். எல்எஸ்ஸ்கஸி (lsscsi) கட்டளை தரும் பட்டியலில் டேப் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிள், பவர் இரண்டையும் சரிபாருங்கள்.

அப்புறம் 'எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 ஸ்டேட்டஸ்'. ஆன்லைன் என்று வந்தால் நல்லது. டோர் ஓப்பன் என்றால் உள்ளே கார்ட்ரிட்ஜ் இல்லை அல்லது சரியாக உட்காரவில்லை. ரைட் புரொடெக்ட் என்றால் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை நகர்த்தினால் போதும். 'டிவைஸ் பிஸி' என்று மறுத்தால், ஃபைல்களைக் கட்டி டேப்பில் எழுதும் டார் கட்டளை நேற்றிலிருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். டிரைவை எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்று ஃப்யூசர் கட்டளை காட்டும். பவர் சுவிட்சில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இனி சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: எஸ்டி0, என்எஸ்டி0. எஸ்டி0 வழியாக எழுதினால், எழுதி முடித்ததும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். என்எஸ்டி0 வழியாக எழுதினால், நின்ற இடத்திலேயே நிற்கும். கணக்கு ஃபைல்களை முதலில் எஸ்டி0இல் எழுதுகிறீர்கள், அடுத்து டிசைன் ஃபைல்களையும் அதிலேயே எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். கணக்கின் மேலேயே டிசைன் ஏறிவிடும். பிழைச்செய்தி ஒன்றுகூட வராது, அதுதான் கொடுமை. ஆகவே ஸ்கிரிப்டில் என்எஸ்டி0 என்றே எழுதுங்கள். பழைய டேப்பில் தொடர்ந்து எழுதுவதற்கு முன் 'எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 இஓடி' கொடுத்து, பதிவு முடிந்த இடத்துக்குப் போங்கள்.

படிக்கும்போது 'கேனாட் அலோகேட் மெமரி' என்று வந்தால் ரேமைச் சந்தேகிக்க வேண்டாம். அது பிளாக் அளவுச் சிக்கல், அதாவது ஒரு தடவையில் எழுதிய துண்டும் படிக்கும் துண்டும் அளவில் ஒத்துப்போகவில்லை. டார் தானாக எடுத்துக்கொள்வது 20 பிளாக், அதாவது 10,240 பைட். யாரோ '-பி 128' போட்டு 65,536 பைட்டாக எழுதியிருந்தால், படிக்கும்போதும் அதே எண் வேண்டும். டேப் லேபிளிலேயே அதை எழுதி வைக்கும் பழக்கம் மிக நல்லது.

'இன்புட் அவுட்புட் எரர்' வந்தால் டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும் சிஸ்டம் செய்திகளைப் படியுங்கள். சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு எரிந்தால் கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போடுங்கள். துணியும் ஸ்பிரிட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த டேப்பை அப்படியே டிரைவில் செருகாதீர்கள். ஏசி அறையில் ஒரு நாள் கிடக்கட்டும். எல்டிஓ வகை டேப் என்றால் அதன் தலைமுறை எண்ணையும் பாருங்கள்: எல்டிஓ-5 டிரைவ் எல்டிஓ-4இல் எழுதும், எல்டிஓ-3ஐப் படிக்க மட்டுமே செய்யும்.

எல்லாம் சரியான பிறகு, டேப்பிலிருந்து ஒரே ஒரு பில் ஃபைலை வேறு ஃபோல்டரில் மீட்டெடுத்து, சிஎம்பி கட்டளையால் அசலோடு ஒப்பிடுங்கள். திரையில் எதுவும் வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றுதான்.