அமெரிக்காவின் பழைய பண்ணை முதலாளிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் மூவரும் அமெரிக்க அதிபர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், வர்ஜீனியாவில் பெரிய பெரிய பண்ணைகளுக்குச் சொந்தக்காரர்கள் என்பதும் ஓரளவு தெரியும். இதை வைத்து ஒரு பதிவோ வீடியோவோ போடும்போதுதான் சிக்கல். விவசாயம் தனி, அறிவியல் தனி, அரசியல் தனி என்று பிரித்துச் சொல்லிவிட்டு, "அடிமை முறையும் இருந்தது" என்று கடைசியில் ஒரு வரியைப் போட்டு முடிக்கிறார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் கணக்கே வராது.

முதல் தவறு, இவர்களை ஏர் பிடித்த விவசாயிகளாகக் காட்டுவது. வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணை ஏறத்தாழ 8,000 ஏக்கர். 1799ல் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். உழுதது, எரு சுமந்தது, கதிர் அறுத்தது, அந்த ஆண்டு ஏறக்குறைய 11,000 கேலன் விஸ்கி வடித்த ஆலையில் அடுப்பருகே நின்றது எல்லாம் அவர்கள்தான். வாஷிங்டன் செய்தது திட்டம் போடுவது, கணக்குப் பார்ப்பது, அதிபராக வெளியூரில் இருந்தபோதும் வாராவாரம் மேனேஜரிடம் அறிக்கை வாங்குவது. அதில் அவர் கெட்டிக்காரர், அதை மறுக்க வேண்டியதில்லை: புகையிலை கட்டுப்படியாகவில்லை என்று 1760களிலேயே கோதுமைக்கு மாறினார், மாடியில் குதிரைகள் கோதுமையை மிதிக்க மிதிக்கப் பலகை இடுக்கு வழியாக மணி கீழே விழும்படி 16 பக்கம் கொண்ட ஒரு களஞ்சியத்தை வடிவமைத்தார். அப்புறம், "சாகும்போது எல்லா அடிமைகளையும் விடுவித்தார்" என்று எழுதாதீர்கள். உயிலில் விடுதலை கிடைத்தது அவருக்கு நேரடியாகச் சொந்தமாக இருந்த 123 பேருக்கு மட்டும். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவியின் முதல் கணவர் வழிச் சொத்து, அந்தக் கணவரின் வாரிசுகளுக்கே போனார்கள்.

இரண்டாவது, "எரு போடக்கூடத் தெரியாமல் மண்ணைக் கெடுத்தார்கள்" என்பது. எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். நன்றாகவே தெரிந்திருந்தது. வாஷிங்டன் சாணம் மக்க வைப்பதற்கென்றே தனிக் கொட்டகை கட்டினார், பயிர் சுழற்சி அட்டவணை போட்டார், இங்கிலாந்தின் விவசாய எழுத்தாளர் ஆர்தர் யங்குடன் வருடக்கணக்கில் இதைப் பற்றியே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஏன் வர்ஜீனியா மண் சத்திழந்தது? 1793ல் ஜெஃபர்சனே வாஷிங்டனுக்குக் காரணத்தை எழுதுகிறார்: பழைய ஏக்கருக்கு எரு போடும் செலவை விடப் புது ஏக்கர் வாங்குவது மலிவு. அந்தப் புது நிலம் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று கேட்டால் பதில் மேற்கே போகிறது, பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்துக்கு. புகையிலை மண்ணை உறிஞ்சும், லண்டன், கிளாஸ்கோ வியாபாரிகளிடம் வாங்கிய கடனை அடைக்க மறுபடி புகையிலைதான் போட வேண்டும், மண் ஓய்ந்ததும் அடுத்த நிலத்துக்கு நகர வேண்டும். அறியாமை என்று சொல்லிவிட்டால் இந்தச் சுழல் முழுவதும் மறைந்துபோகும். 1818ல் மேடிசன் தன் வட்டார விவசாயச் சங்கத்தில் பேசியபோது எரு, சரிவுக்குக் குறுக்காக உழுவது, காடழிப்பு என்று எல்லாவற்றையும் தொட்டார். கேட்டவர்களுக்கும் அது ஒன்றும் புதுச் செய்தியாக இருந்திருக்காது.

அடுத்தது ஜெஃபர்சன் புராணம். கலப்பையில் மண்ணைப் புரட்டும் பலகையைக் கணக்குப் போட்டு வடிவமைத்தது உண்மை, காப்புரிமை எடுக்காமல் விட்டதும் உண்மை. ஆனால் சரிவு நிலத்தில் குறுக்காக உழும் முறைக்கு அவர் பெயரைப் போடாதீர்கள். அவர் பண்ணையில் அதைக் கொண்டுவந்தவர் மருமகன் தாமஸ் மான் ராண்டால்ஃப், ஜெஃபர்சனே அப்படித்தான் சொன்னார். "அமெரிக்காவுக்கு நெல் கொண்டுவந்தவர்" என்பதும் தவறு. 1787ல் இத்தாலியிலிருந்து சட்டத்தை மீறிச் சட்டைப்பையில் நெல் எடுத்து வந்த கதை சுவாரஸ்யமானதுதான், ஆனால் தெற்குக் கரோலினாவில் அதற்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்பே நெல் விளைந்துகொண்டிருந்தது. வரப்பு கட்டியது, நீர் பாய்ச்சியது, உரலில் குத்தியது, முறத்தில் புடைத்தது எல்லாம் அடிமைகள். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் ஊர்களிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள்.

அதே கரோலினாவில் எலைசா லூகாஸ் என்ற பெண் பதின்ம வயதிலேயே அப்பாவின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு, நீலச்சாயம் தரும் அவுரிச் செடியைப் பயிரிட்டுப் பார்த்து 1744ல் ஜெயித்தார். ஆனால் அவுரி கொடிகட்டிப் பறந்ததற்கு அவர் திறமை மட்டும் காரணம் இல்லை. 1748 முதல் பிரிட்டன் கொடுத்த மானியமும் சேர்ந்துதான். சுதந்திரம் வந்தது, மானியம் போனது, பிரிட்டன் வங்காளத்து நீலத்தின் பக்கம் திரும்பியது, கரோலினா அவுரி படுத்துவிட்டது.

அறிவியல் வந்தால் அடிமைத்தனம் தானாகக் குறையும் என்று எழுதுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஜெஃபர்சனுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஓர் ஆசை: கரும்புச் சர்க்கரை அடிமை உழைப்பில் வருகிறது, அதற்குப் பதில் மேப்பிள் மரத்துச் சர்க்கரை காய்ச்சலாம் என்று 1791ல் மரக்கன்று வாங்கித் தன் மான்டிசெல்லோ பண்ணையில் நட்டார். நட்டதும் அடிமைகளை வைத்துத்தான். கன்றுகளும் தேறவில்லை. இன்னொரு பக்கம் 1793ல் பருத்திக்கொட்டை பிரிக்கும் இயந்திரம் வந்தது, பருத்தி சாகுபடி பெருகியது, அதற்கு உழைக்க அடிமைகளும் பெருகினார்கள். நாட்டில் அடிமைகள் எண்ணிக்கை 1790ல் கிட்டத்தட்ட 7 லட்சம், 1860ல் கிட்டத்தட்ட 40 லட்சம். வர்ஜீனியாவின் இன்னொரு பண்ணை முதலாளி எட்மண்ட் ரஃபின் கதை இன்னும் வெளிப்படை. வர்ஜீனியா மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்புச் சத்துள்ள களிமண் போட்டுச் சரிசெய்யலாம் என்று வயலில் சோதித்துக் காட்டினார், 1832ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். நல்ல மண் அறிவியல் அது. மண் தேறினால் ஆட்கள் மேற்கே ஓட மாட்டார்கள், அடிமைகளை நம்பிய பண்ணை வாழ்க்கையும் தென் மாநிலங்களின் செல்வாக்கும் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. 1787 அரசியலமைப்புப்படி ஐந்து அடிமைகள் மூன்று பேராக எண்ணப்பட்டு அவரவர் மாநிலத்துக்குக் காங்கிரஸில் இடம் கிடைத்தது என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோக வேண்டும் என்ற பிரிவினைக்கு ரஃபின் பிறகு முன்னணிக் குரலாக ஆனதில் ஆச்சரியமே இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வேர்க்கடலைக்குப் பெயர்போன ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வேறு ஆள், அதிபர் படத்தை அங்கே ஒட்டாதீர்கள். கார்வர் அடிமையாகப் பிறந்தவர், 1896ல் அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் சேர்ந்த விஞ்ஞானி. வேர்க்கடலை வெண்ணெயை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. பருத்தி போட்டுப் போட்டுச் சத்திழந்த நிலத்தில் ஏழைக் கறுப்பின விவசாயிகள் வேர்க்கடலையும் காராமணியும் மாற்றிப் பயிரிட்டு மண்ணைத் தேற்றச் சொல்லிக்கொடுத்ததுதான் அவர் செய்த வேலை.