உரிப்பது எளிது, திரியாமல் வைப்பதுதான் பாடு: மாலிப்டினம் டைசல்பைடு நானோ ஏடுகள்

வாழைமட்டையை உரித்தால் பட்டை பட்டையாக வரும். பட்டைக்குள் நார் உறுதி, இரண்டு பட்டைக்கு நடுவில் பிடிப்பு கம்மி. மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மாலிப்டினம் டைசல்பைடும் அப்படித்தான். ஓர் ஏடு சுமார் 0.65 நானோமீட்டர் கனம். ஏட்டுக்குள் வலுவான பிணைப்பு, ஏடுகளுக்கு இடையே வெறும் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு. கிராஃபைட்டும் இதே சாதி. 2004-இல் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டு டேப்பை வைத்து அதை உரித்துக் கிராஃபீன் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராகச் செய்முறைக்குப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வியை முடித்துவிடுகிறேன். நாகர்கோவில் பக்கம் யாரிடம் இதைப் பேசினாலும், "மணவாளக்குறிச்சி கருமணலை உரிக்க முடியாதா?" என்று கேட்கிறார்கள். அதிலுள்ள இல்மனைட் என்ற டைட்டானியத் தாது இப்படி அடுக்கிவைத்த ஏடு இல்லை, எல்லாத் திசையிலும் பிணைப்பு உண்டு. 2018-இல் அதையும் ஏடாகப் பிரித்துக் காட்டினார்கள், ஆனால் முதல்முறை செய்பவர் கை வைக்கிற சமாச்சாரம் அல்ல. கருமணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாதுவும் இருக்கும். விட்டுவிடுங்கள்.

கரைப்பான். பழைய கட்டுரைகளில் என்.எம்.பி. (என்-மெத்தில் பைரோலிடோன்) என்பார்கள். நன்றாகவே உரிக்கும். ஆனால் கருவைப் பாதிக்கும் நச்சு, கொதிநிலை 200 டிகிரிக்கு மேல், கழுவிப் போக்குவதற்குள் உயிர் போய்விடும். பியூட்டைல் லித்தியம் முறை காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். கிளவ் பாக்ஸ் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். என் தேர்வு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி. விலை குறைவு, சுலபமாக ஆவியாகும்.

100 மில்லி கலவைக்கு அரை கிராம் தூள். சோனிகேட்டர் தொட்டியில் (மீயொலி அதிர்வால் உலுக்கும் கருவி) ஒரு மணி நேரம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுற்றிப் படியவைக்கும் கருவி) சுற்றி, மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிடுங்கள். தூளோடு வந்த அழுக்கு அதோடு போகும். புதுக் கலவை ஊற்றி ஆறு மணி நேரம் வையுங்கள். தொட்டித் தண்ணீர் சூடேறும், அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் மீன்கடை ஐஸை உடைத்து ஒரு பிடி போடுவேன். பாட்டிலுக்கு வெளியேதான், உள்ளே ஒரு சொட்டு போனாலும் கதை கந்தல். ஏன் என்பது கீழே.

சென்ட்ரிஃப்யூஜில் 1500 ஆர்.பி.எம். என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். விசைதான் கணக்கு: 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம்.மின் வர்க்கம். ஆரம் 10 செ.மீ. என்றால் 1500-க்குச் சுமார் 250 ஜி வரும், 16 செ.மீ. என்றால் 400 ஜி. ஒன்றரை மணி நேரம் சுற்றினால் தடித்த துண்டுகள் அடியில் தங்கும். மேலே நிற்கும் பச்சை கலந்த திரவம்தான் நமக்கு வேண்டியது. யு.வி.–விசிபிள் நிறமாலையில் (எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற படம்) 670, 610 நானோமீட்டர் பக்கம் இரண்டு மேடு தெரிந்தால் சரக்கு உள்ளே இருக்கிறது.

இனி, என் இரண்டு மாதத்தைத் தின்ற கட்டம்.

மேலே சொன்னதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். காலையில் பார்த்தால் பாட்டில் அடியில் கறுப்புச் சக்கை, மேலே தெளிந்த தண்ணீர். நேரத்தைக் கூட்டினேன், தூளை மாற்றினேன், சோனிகேட்டரைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. குலசேகரத்தில் பெரியப்பாவுக்கு ரப்பர் தோட்டம் உண்டு. போனில் இருந்த பாட்டில் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பாலு திரிஞ்சி போச்சில்லா மக்கா, ஆசிட் எதாவது விழுந்துச்சா?"

அதேதான். ரப்பர் பாலில் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமோனியா விட்டால் கெடாமல் நிற்கும், ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட் விட்டால் உறையும். நம் ஏடுகளும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தால்தான் விலகி நிற்கின்றன. என் பாட்டிலில் விழுந்தது ஆசிட் அல்ல, உப்பு. வடித்த தண்ணீர் கேன் தீர்ந்தபோது யாரோ ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். கடலோரத்து போர் தண்ணீரை ஆர்.ஓ. செய்தாலும் மிச்சம் இருக்கும், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 140 காட்டியது. அதில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த ஹார்டி–ஷுல்ஸ் விதியை நினைத்துப் பாருங்கள்: அயனியின் மின்சுமை கூடக்கூட உறையவைக்கும் வலு பல மடங்கு ஏறும். ஆகவே சோனிகேட்டருக்குச் செலவழிக்கும் முன் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். 0 அல்லது 1 காட்டாத தண்ணீரைத் தொடாதீர்கள். பாட்டிலைக் கழுவுகிற கடைசித் தண்ணீரும் அதுவாகவே இருக்கட்டும்.

அடுத்து வேதிக் குழுவைப் பொருத்துவது. உரிந்த ஏடுகளில் அங்கங்கே கந்தக அணு உதிர்ந்த குழி இருக்கும். தயோலின் (கந்தகம்–ஹைட்ரஜன் முனை கொண்ட சேர்மம்) கந்தகம் அதில் போய் உட்காரும் என்பது எதிர்பார்ப்பு. நான் எடுத்த தயோல் மெர்காப்டோ புரொப்பியோனிக் ஆசிட். அழுகிய முட்டையும் வெள்ளைப்பூண்டும் சேர்ந்த நாற்றம், ஃபியூம் ஹூடுக்கு (புகையை உறிஞ்சும் கூண்டு) வெளியே திறந்தால் மாடி முழுக்கச் சண்டை. ஏடுகளைச் சென்ட்ரிஃப்யூஜில் வேகம் கூட்டிப் படியவைத்து, சுத்த ஆல்கஹாலில் மறுபடி கலக்கி, தயோலைச் சேர்த்து, நைட்ரஜன் விட்டு ஒரு நாள் கலக்கவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான ஆல்கஹாலில் மூன்று முறையாவது கழுவுங்கள். கடைசியில் வடித்த தண்ணீரில் போட்டு, நீர்த்த அமோனியா ஒரு சொட்டு விட்டால் ஆசிட் முனைகள் மின்னூட்டம் பெற்று ஏடுகள் பிரிந்து நிற்கும். பெரியப்பா வைத்தியமேதான்.

நாற்றம் பிடித்த கண்ணாடிச் சாமான்களைத் தண்ணீரில் அலசிய பிறகே நீர்த்த பிளீச்சில் ஊறப்போடுங்கள். ஆல்கஹாலோ அமோனியாவோ ஆசிட்டோ மிச்சமிருக்கும் பாத்திரம் பிளீச் பக்கம் போகவே கூடாது, நச்சு வாயுக்கள் வரும்.

பின்சேர்க்கை: எஃப்.டி.ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) 2550 செ.மீ.⁻¹ பக்கமிருந்த எஸ்–எச் (கந்தகம்–ஹைட்ரஜன்) மேடு மறைந்துவிட்டது, ஆகவே தயோல் பிணைந்துவிட்டது என்று இங்கே முன்பு எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர் பிடித்துவிட்டார். இரண்டு தயோல் தங்களுக்குள் கந்தகம்–கந்தகம் பிணைப்பால் சேர்ந்து டைசல்பைடாக மாறினாலும் அந்த மேடு மறையும்! சிஸ்டீன் என்ற தயோலை வைத்துச் செய்த ஆய்வில் அதுதான் நடந்தது: அது சிஸ்டின் என்ற டைசல்பைடாக மாறி ஏட்டின்மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது என்று 2016-இல் காட்டினார்கள். அதனால் இப்போது கந்தகமே இல்லாத புரொப்பியோனிக் ஆசிட்டோடு இன்னொரு பாட்டிலையும் கூடவே ஓட்டுகிறேன். இரண்டிலும் கழுவிய பின் ஆசிட் முனையைக் காட்டும் கார்பனைல் மேடு ஒரே அளவு தெரிந்தால், பிணைப்பு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. முதல் தடவை அப்படித்தான் வந்தது. இன்னும் இரண்டு கழுவல் கூட்டிய பிறகே தயோல் பாட்டிலில் மட்டும் மேடு மிஞ்சியது. ராமன் நிறமாலையில் 510 செ.மீ.⁻¹ பக்கம் கந்தகம்–கந்தகம் மேடு இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.