குன்றுச் சரிவில் சமமட்டக் குழி வெட்டுவது எப்படி?

சமமட்டக் குழி என்பது சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் நீளமான பள்ளம். ஓடிவரும் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும். சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளில் தண்ணீர் நிற்க வேண்டுமானால், வேலையைக் குன்றின் மேலிருந்து தொடங்குங்கள். அடிவாரத்தில் முதலில் வெட்டினால், மேலிருந்து வரும் வெள்ளம் ஒரே மழையில் குழியை மண்ணால் மூடிவிடும்.

மட்டம் பார்க்க, 2 மீட்டர் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் குறுக்குக் கம்பு பொருத்துங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய கயிறு தொங்க வேண்டும். கால் ஊன்றிய இரு இடங்களிலும் முளை அடித்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் சரிமட்டம். கயிறு அங்கேயே நிற்கும்படி ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றிச் சரிவின் குறுக்கே போங்கள். கால் ஊன்றும் ஒவ்வோர் இடத்திலும் முளை. காற்றடிக்கும் நேரம் வேண்டாம், கல் ஆடும்.

முளைகளின் வரிசையிலேயே குழி வெட்டுங்கள்: அகலம் அரை மீட்டர், ஆழம் அரை மீட்டர். தோண்டிய மண்ணைப் பள்ளப் பக்கம், விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொட்டுங்கள். மேட்டுப் பக்கம் போட்டால் திரும்பக் குழிக்குள்தான் இறங்கும். 4, 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டரை வெட்டாமல் விடுவது மிக முக்கியம். மட்டம் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் ஒரு முனைக்கே ஓடிக் கரையை உடைக்கும். அந்தத் தடுப்புதான் அதை நிறுத்தும்.

மிகச் செங்குத்தான சரிவில் வெட்டவே வேண்டாம். ஊறிய மண் சரிந்தால் கீழே இருக்கும் வீடுகளுக்கு ஆபத்து.